வெகுமதிப் புள்ளி யார் வீட்டுக் காசு? முதல் கிரெடிட் கார்டு பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பொண்ணு ஒரு எக்செல் தாளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். திருமுல்லைவாயிலில் இருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவள். எட்டு மாதச் சம்பளம் வாங்கியாயிற்று. தாளில் பதினோரு கிரெடிட் கார்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு கட்டம்: ஆண்டுக் கட்டணம், வரவேற்புப் பரிசு, ஆன்லைன் செலவுக்கு எத்தனை சதவீதம், வெளிச் செலவுக்கு எத்தனை, பெட்ரோல், ஏர்போர்ட் லவுஞ்ச், கடைசியாக நட்சத்திர மதிப்பீடு.

"மாமா, இதுல எதை எடுக்கலாம்னு சொல்லுங்க. அம்மா உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க."

அக்கா ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, இதெல்லாம் எங்கே பிடிச்ச என்று கேட்டேன். 'முதல் கார்டு எது' என்று தமிழில் வரும் நாலு வீடியோ, ஆங்கிலத்தில் இரண்டு கட்டுரை என்றாள். ஒரு வாரம் அவற்றையெல்லாம் நானும் பார்த்தேன், படித்தேன். கூடவே தாளில் இருந்த நான்கு கார்டுகளின் 'மிக முக்கிய விதிமுறைகள்' கோப்பையும் வரி விடாமல் வாசித்தேன். இந்தக் குறிப்பு அந்த வாசிப்பைப் பற்றியது. எந்தக் கார்டு என்ற பதிலை மட்டும் தேடி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பாராட்டு. இந்த வீடியோக்காரர்கள் பொய் சொல்வதில்லை. வட்டி கடுமை, பில்லை முழுசா கட்டுங்க என்று எல்லாரும் ஒரு வரியாவது சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பதினைந்து நிமிடத்தில் அந்த ஒரு வரிக்கு எட்டு விநாடி. மீதி முழுக்க சதவீதம். சதவீதத்தை ஒப்பிடுகிறவர் எதன் சதவீதம் என்று கேட்பதே இல்லை. அந்த வீடியோ யாரை மனதில் வைத்துப் பேசுகிறது என்று யோசித்தால், மாதம் நாற்பதாயிரம் கார்டிலேயே தேய்க்கக்கூடிய, வருஷத்துக்கு நாலு தடவை விமானம் ஏறுகிற, வாடகையும் மளிகையும் ஆப் வழியாகவே கட்டுகிற ஒருவர் தென்படுகிறார். அவர் இருக்கலாம். திருமுல்லைவாயிலில் குறைவு. ஆவடி லோக்கலுக்கு லவுஞ்ச் கிடையாது.

அவளையே உட்கார வைத்து ஒரு மாதச் செலவை எழுதச் சொன்னேன். கையில் வருவது 23,500. அம்மாவிடம் கொடுப்பது 8,000. சீட்டு 3,000. ஆர்.டி. 2,000. வண்டிக்கு பெட்ரோல் 1,800. பஸ், ஷேர் ஆட்டோ, டீ, பூ, கோயில் என்று சில்லறையாகப் போவது ஒரு 2,000. தம்பி படிப்புக்கு அவ்வப்போது. இதில் எதுவும் கார்டுக்குள் வராது. வந்தாலும் புள்ளி வராது. அம்மாவிடம் கொடுக்கும் பணத்தை எந்த மெஷினில் தேய்ப்பது? பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் புள்ளியே இல்லை, 'சர்சார்ஜ் தள்ளுபடி' மட்டும்தான். அந்த சர்சார்ஜே கார்டு தேய்ப்பதால் வருவது. ஜிபேயில் கட்டினால் சர்சார்ஜும் இல்லை, தள்ளுபடியும் தேவையில்லை. இதையும் ஒரு 'பலன்' என்று கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள்.

மிச்சம் எது? ஆன்லைனில் துணி, சாமான் 1,500. அம்மாவுக்கு மருந்து 1,200. ஓ.டி. பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் 1,500. மொத்தம் 4,200. தாளில் முதலிடத்தில் இருந்த கார்டு ஆன்லைனுக்கு 5%, மற்றவற்றுக்கு 1% தருவது. ஆண்டுக் கட்டணம் 999. கணக்குப் போட்டோம். 1,500-க்கு 75 ரூபாய், 2,700-க்கு 27 ரூபாய். மாதம் 102, வருஷம் 1,224. கட்டணம் 999, அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 1,178 ரூபாய் 82 பைசா. கழித்தால் கையில் நிற்பது 45 ரூபாய் 18 பைசா. ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார்டு.

"ஆனா மாமா, வருஷத்துக்கு ரெண்டு லட்சம் செலவு பண்ணா கட்டணம் கிடையாதாம்."

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அவளுடைய கார்டுக்குத் தகுந்த செலவு வருஷத்துக்கு 50,400. அதை நாலு மடங்காக்கினால் 1,179 ரூபாய் மிச்சம். இதை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். ஆனால் பில் வரும் மாதத்தில், 'இன்னும் இவ்வளவு செலவழித்தால் கட்டணம் ரத்து' என்று குறுஞ்செய்தி வரும்போது சிரிப்பு வராது. கணக்குத் தெரிந்த எனக்கே வந்ததில்லை.

'10 எக்ஸ்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த எழுத்து வகையின் பெரிய அலங்காரமே அதுதான். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின் மதிப்பு 25 பைசா என்று வையுங்கள். அது கால் சதவீதம். பத்து மடங்கு என்றால் இரண்டரை சதவீதம். 'இரண்டரை சதவீதம்' என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். '10 எக்ஸ்' என்றால் பத்து மடங்கு லாபம் போல் காதில் விழுகிறது. எதன் பத்து மடங்கு என்று கேட்காதவரை அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிறது. அதனால்தான் புள்ளிக்கார்டையும் கேஷ்பேக் கார்டையும் ஒரே கட்டத்தில் வைத்து ஒப்பிடுவது தப்பு என்கிறேன். பில்லில் கழியும் ரூபாய் ரூபாய்தான். புள்ளியின் விலையோ கொடுத்தவன் கையில் இருக்கிறது. நாளைக்கு 25 பைசாவை 20 பைசா ஆக்கிவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் முடிந்தது.

நம்ம பக்கம் இது புதுசு இல்லை. தீபாவளிச் சீட்டு எல்லாருக்கும் தெரியும். மாதாமாதம் கட்டினால் தீபாவளிக்குப் பட்டாசு, இனிப்பு, ஒரு எவர்சில்வர் பாத்திரம், சில இடங்களில் வெள்ளிக் காசு. எங்கள் தெருவில் நடத்திய அக்கா, 'பாத்திரம் என் பங்கு' என்று சொல்ல மாட்டார். பாத்திரம் நாம் முன்கூட்டிக் கட்டின பணத்தின் வட்டியில் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏலச்சீட்டிலும் அப்படித்தான்: நடத்துகிறவரின் கமிஷனுக்கு 1982 சீட்டு நிதிச் சட்டம் 5% உச்சவரம்பு வைத்தது, 2019 திருத்தம் அதை 7% ஆக்கியது. கமிஷன் இவ்வளவு, தள்ளு இவ்வளவு என்று நோட்டில் இருக்கும். அமெரிக்காவில் ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் 1896-இல் தொடங்கிய பச்சை முத்திரைகளும் இதே ஜாதிதான்: கடையில் சாமான் வாங்கினால் ஸ்டாம்ப், புத்தகத்தில் ஒட்டி நிரப்பினால் பரிசு. ஸ்டாம்புக்குக் காசு கொடுத்தது கடைக்காரர். அவர் அதை எங்கிருந்து எடுத்திருப்பார்?

கார்டு வெகுமதியில் அந்தக் கேள்வி மட்டும் காணாமல் போகிறது. நான் பார்த்த ஆறு ஆக்கங்களில் ஒன்றுகூட, இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. வருவது மூன்று வழி. நாம் தேய்க்கும்போது கடைக்காரரிடம் பிடிக்கும் கழிவு ஒன்று. ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம் முதலானவை இரண்டாவது. முழுசாகக் கட்டாதவர்கள் கட்டும் வட்டி மூன்றாவது. டெபிட் கார்டுக் கழிவுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது, கிரெடிட் கார்டுக்கு வைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கிரெடிட் கார்டுகளுக்கு வங்கிகளுக்கிடையிலான கட்டணத்தை 0.3 சதவீதத்தோடு நிறுத்தியது. அங்கே வெகுமதிகள் வாடியதற்கு அதுவே காரணம்.

பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியில் ஸ்கூ, ஷை, ஸ்டாவின்ஸ் என்ற மூவர் 2010-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கடைக்காரர் கழிவை விலையில் ஏற்றிவிடுகிறார்; ரொக்கம் கொடுப்பவரும் அதே விலைதான் கொடுக்கிறார். அப்படிப் பார்த்தால் ரொக்கம் பயன்படுத்தும் ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பம் வருஷத்துக்கு 149 டாலர் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறது, கார்டுக் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்றார்கள். பிறகு அகர்வால், பிரெஸ்பிட்டெரோ, சில்வா, விக்ஸ் எழுதிய ஆய்வு வெகுமதிக் கார்டுகளையே நேராக எடுத்துப் பார்த்தது. பணம் தெரியாதவர்களிடமிருந்து தெரிந்தவர்களுக்குப் போகிறது, ஆண்டுக்கு 1,500 கோடி டாலர் என்றது. வருமானத்தைவிடக் கணக்கில் சூட்டிகை இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே கோடு. அமெரிக்க எண்களை அம்பத்தூரில் அப்படியே ஒட்ட முடியாது, இங்கே யூபிஐ இருக்கிறது. ஆனால் இயந்திரம் ஒன்றுதான். யாரோ ஒருவர் தவறினால்தான் இன்னொருவருக்கு 5%.

அந்த யாரோ ஒருவனாக நான் இருந்திருக்கிறேன். 2007. எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கேன்டீன் வாசலில் மேசை போட்டுக் கார்டு விற்றார்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு தோள்பை. எந்த வங்கி என்பது வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லாருடைய மேசையும் ஒன்றுபோலத்தான் இருந்தது. எங்கப்பா ஆவடியில் தொழிற்சாலைக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கினவர். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், கடன் எப்போது தீரும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கிடைத்ததோ தீரும் தேதி இல்லாத கடன். பில்லில் இரண்டு எண் இருந்தது. சின்ன எண்ணைக் கட்டினால் போதும் என்று நினைத்தேன். போதும் என்றுதான் அதன் பெயரே சொல்கிறது: 'குறைந்தபட்சத் தொகை'. 18,000 ரூபாய் பதினாலு மாதத்தில் 31,000-ஐத் தொட்டது. தொழிற்சாலை கேட் போனுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கா தன் வளையல் இரண்டைக் கழற்றிக் கொடுத்தாள், அதை வைத்து 'செட்டில்மென்ட்' செய்தேன். வசூல் ஏஜென்ட்டுகளுக்கு ரிசர்வ் வங்கி நெறிமுறை வந்தது 2008 ஏப்ரலில். எனக்கு அது கொஞ்சம் லேட். வளையலைத் திருப்பினேன், ஆனால் அந்த 'செட்டில்டு' என்ற சொல் சிபில் அறிக்கையில் வருஷக்கணக்கில் நின்று, வீட்டுக் கடன் கேட்கப் போனபோது முன்னால் வந்து உட்கார்ந்தது. பதினோரு கட்டத் தாளோடு அக்கா பொண்ணு என்னிடம் ஏன் அனுப்பப்பட்டாள் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே வட்டிக் கணக்கை எட்டு விநாடியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அக்டோபர் 10-ஆம் தேதி 12,000-க்கு ஒரு போன் வாங்குகிறாய். 25-ஆம் தேதி பில். நவம்பர் 14 கடைசி நாள். அன்று 5%, அதாவது 600 ரூபாய் மட்டும் கட்டுகிறாய். மாதம் 3.5% வட்டி. வட்டி நவம்பர் 14-இலிருந்து ஓடும் என்றுதானே நினைப்போம்? இல்லை, அக்டோபர் 10-இலிருந்து. அடுத்த பில்லில் வட்டியும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 700 ரூபாயைத் தாண்டிவிடும். கட்டிய 600 ரூபாய் அந்த ஒரு மாத வட்டிக்கே காணாது. இடையில் வாங்கும் அரை லிட்டர் பாலுக்கும் அன்றே வட்டி. வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போயிற்று. இந்தப் போனுக்குக் கிடைத்த வெகுமதி 1% என்றால் 120 ரூபாய்.

ஆண்டுக்கு 42% வட்டி சட்டப்படி செல்லுமா என்று கேட்பவர்களுக்கு: தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்றது. வங்கிகள் மேல்முறையீடு போயின. பதினாறு வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆக, வரம்பு இல்லை.

விதிமுறைக் கோப்புகளைப் பற்றி. நடையை மட்டும் கவனித்தாலே போதும். விளம்பரப் பக்கத்தில் 'நீங்கள்' வருகிறது: நீங்கள் பெறுவீர்கள், உங்களுக்காக. விதிமுறைப் பக்கத்தில் 'நீங்கள்' மறைந்து, எல்லாம் செயப்பாட்டு வினை ஆகிவிடுகிறது: விதிக்கப்படும், கழிக்கப்படும், ரத்து செய்யப்படலாம். யார் விதிக்கிறார், யாரிடமிருந்து என்று வாக்கியம் சொல்வதில்லை. நான் வாசித்த நான்கும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு வழிகாட்டு விதி, நிபந்தனைகள் எளிய மொழியில் இருக்க வேண்டும், ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழி மூன்றிலும் இருந்தால் விரும்பத்தக்கது என்கிறது. 'விரும்பத்தக்கது' என்ற ஒரு சொல்லில் தமிழ் வெளியே நின்றுவிட்டது. கார்டு விற்கிற போன் மட்டும் சுத்தமான தமிழில் வருகிறது.

அதே 2022 விதி நல்லதும் நிறைய செய்திருக்கிறது, அது எந்தப் பட்டியலிலும் இல்லை. கேட்காமல் கார்டு அனுப்பிப் பணம் பிடித்தால், பிடித்ததைத் திருப்பித் தருவதோடு அதன் இரண்டு மடங்கு அபராதமும் கட்ட வேண்டும். கார்டை மூடச் சொன்னால், பாக்கி இல்லாதபட்சத்தில் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய். நம் சம்மதம் இல்லாமல் வரம்பை உயர்த்தக் கூடாது. கட்டணத்தை மாற்றினால் ஒரு மாத முன்னறிவிப்பு. முதல் கார்டு வாங்குகிறவளுக்கு லவுஞ்சைவிட இது உபயோகம் இல்லையா?

நியாயத்துக்கு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். கார்டே வேண்டாம் என்கிற கட்சியில் நான் பத்து வருஷம் இருந்தேன்; இப்போது இல்லை. கடனே வாங்காத ஆளுக்கு சிபிலில் எண்ணே இருக்காது. 300 முதல் 900 வரையுள்ள அந்த எண் இல்லாமல் நாளைக்கு வண்டிக் கடனுக்குப் போனால் வங்கி யோசிக்கும். ஒழுங்காகக் கட்டிய ஒரு சின்னக் கார்டு அதைச் சீராக்கும். ஏமாற்றுப் பரிவர்த்தனை நடந்தால், டெபிட் கார்டில் போவது நம் சம்பளம். கிரெடிட் கார்டில் சண்டை முடியும்வரை போவது வங்கியின் பணம்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கு உண்மையிலேயே பொருந்துவது: 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைக்கலாம். முதலில் இணைந்த மூன்று வங்கிகளில் நம்ம சென்னையின் இந்தியன் வங்கியும் ஒன்று. மெஷின் வைக்காத மருந்துக்கடையிலும் க்யூஆரில் கார்டு போகும். ஆனால் சொந்தக் கணக்கு க்யூஆர் வைத்திருக்கும் பூக்கார அம்மாவுக்கோ ஹவுஸ் ஓனருக்கோ போகாது. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரை கடைக்காரருக்குக் கழிவு கிடையாது. கழிவு இல்லாத இடத்தில் வங்கி புள்ளிக்கு எங்கே போகும்? ஆகவே பல கார்டுகளில் யூபிஐ செலவுக்குப் புள்ளி குறைவு, அல்லது மாத உச்சவரம்பு. எனக்கு இது சந்தோஷமான செய்தி. இந்தத் தெருவில் வாங்குவதற்கு, தெருவில் யார் தலையிலும் விழாத ஒரு விலை.

எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. எம்ஐடியில் பிரெலெக், சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட சோதனையில், கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கம் கட்டச் சொன்னவர்களைவிடக் கார்டில் கட்டச் சொன்னவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். ஒரே டிக்கெட். மருந்துக்கடையில் அது நடக்காது என்று நம்புகிறேன், ஆன்லைன் துணிக்கு நம்பவில்லை.

கடைசியில் அந்தத் தாளில் இருந்த பதினொன்றையும் விட்டோம். சம்பளம் ஏறுகிற வங்கியிலேயே ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒரு ரூபே கார்டு இருந்தது. நட்சத்திரம் ஏதும் வாங்காத கார்டு. அதுவும் கிடைக்காவிட்டால் 15,000-க்கு ஒரு டெபாசிட் போட்டு அதன்மேல் கார்டு வாங்குவது என்று வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. 60,000 வரம்பு கொடுத்தார்கள், ஆப்பிலேயே 15,000 ஆகக் குறைத்தாள். தானாகப் பணம் எடுக்கும் படிவத்தில் 'குறைந்தபட்சத் தொகை', 'மொத்தத் தொகை' என்று இரண்டு கட்டம் இருந்தது. இரண்டாவதில் டிக் அடிக்கும்போது அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வளையல் கையில் இருந்தது.

போன வாரம் முதல் பில் வந்தது. 1,846 ரூபாய், பதினெட்டுப் புள்ளி. "இதை வச்சு என்ன வாங்கலாம் மாமா?" என்று கேட்டாள். இருவரும் ஆப்பைத் திறந்து பார்த்தோம். ஐநூறு புள்ளி சேர்ந்த பிறகுதான் பரிசுப் பட்டியலே திறக்குமாம்.